வாய்த்துணி

பல் வலிக்கிறது குருவே, மெதுவாகத்தான் பேசுவேன். என் வாக்குமூலத்தை எழுதுகிறவருக்கும் அது வசதிதான். எனக்கும் எல்லாம் அலுத்துப்போய்விட்டது.

பாரசீக மன்னரின் இஸ்தக்ர் நாணயச்சாலையில் முப்பது வருடம் காசு அடிக்கும் அச்சு வெட்டினேன். வெள்ளிக்காசின் ஒரு பக்கத்தில் மன்னர் முகம். சில வருடங்களாக அது என்னோடு அச்சு வெட்டிய இளையவன் மிஹ்ரக்கின் வேலை. மறுபக்கம், மேடையில் எரியும் புனித நெருப்பும் இரண்டு காவலரும். அது என்னுடையது. மன்னர்கள் மாறினார்கள், கிரீடங்கள் மாறின. என் நெருப்பு மாறவில்லை.

மிஹ்ரக் நல்லவன்தான். ஆனால் கனலை வாயால் ஊதுவான். மூச்சுக்காற்று நெருப்பில் படுவது எவ்வளவு பெரிய பாவமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயில் துணி கட்டாமல் நெருப்பை நெருங்கியதில்லை. அச்சில் வெட்டும்போதும் கட்டிக்கொள்வேன். இரும்பில் இருந்தாலும் நெருப்பு நெருப்புதானே.

"அண்ணே, உங்க நெருப்புல ஒரு ரொட்டி சுட முடியுமா? அதுக்குப் போயி வாயைக் கட்டிக்கிட்டு!" என்று சிரிப்பான்.

போன குளிர்காலத்தில் என் கண் மங்கியது. மேற்பார்வையாளர் நெருப்பு அச்சையும் மிஹ்ரக்கிடம் கொடுத்தார். எனக்கு வருத்தமில்லை. அவன் வெட்டியதை விரலால் தடவிப் பார்த்தேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு," என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் அவன் வழக்கம்போல அச்சறையில் படுத்துத் தூங்கினான். உள்ளே சட்டி நிறையக் கரி கனன்றுகொண்டிருந்தது. புகைத்துளையையும் கதவிடுக்கையும் ஈரக் கம்பளியால் அடைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவன் நெருப்பின் மேல் மூச்சு விட்டான், நெருப்பும் அவன் மேல் விடட்டும் என்று வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பாதியில்தான் சுருக்கென்றது. பிணம் கிடக்கும் அறையில் நெருப்பு இருந்தால் தீட்டாகிவிடுமே. வாய்த்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவனுக்கு உயிர் இருந்தது. என் அங்கியின் நுனியைப் பிடித்தான்.

"அண்ணே... தூக்கி விடுங்கண்ணே."

எனக்கு இரண்டு கையும் கனல்சட்டிக்கே சரியாக இருந்தது. அதை வெளியே கொண்டுவந்து வைத்தேன். கதவைத் திரும்பச் சாத்தி, கம்பளியைத் திணித்தேன்.

நெருப்புக்குத் தீட்டுப்படவில்லை. அதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அவ்வளவு பக்தி உள்ளவன், அவன் வெட்டிய நெருப்பை மட்டும் ஏன் அரத்தால் ராவி அழித்தாய் என்று கேட்கிறீர்கள்.

அது நெருப்பில்லை குருவே. அது மிஹ்ரக் வெட்டியது.