வாசித்துக் காட்டிய தாள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நான் சொல்லவில்லை, என் மேசைக்கு வந்து போனவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு இருபத்தாறு வருஷம் மனு எழுதியிருக்கிறேன். எழுத்து புரியவில்லை என்று ஒரு மனுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மஞ்சள் தாளை நீட்டி, "இது யார் எழுத்து?" என்று நீங்கள் கேட்டபோது, "என்னுடையதுதான் மேடம்" என்று நான் உடனே சொன்னதும் அந்தப் பெருமையில்தான். யோசித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்கிற காவலருக்கு வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். பிறர் பேசுவதைக் கேட்டு எழுதுவதில் இருக்கும் சிரமம் எனக்குத் தெரியும்.

நிலையத்தை ஒட்டி வணிக வளாகம் வரப்போகிறது என்று பலகை வைத்த அன்றே ஆளுக்கொரு நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சுமை தூக்குகிறவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கல்லூரிப் பெண்கள், "நல்ல டாய்லெட் ஒண்ணு வந்தா போதும், மத்தது எக்கேடு கெட்டுப் போகட்டும்" என்றார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு சென்ட் கடை எதற்கு என்று தினம் ஒரு தாள் எழுதிப் போட்டார். இரண்டு பக்கமும் போதாமல் ஓரத்திலும் எழுதுவார். அவர் வீட்டம்மா என்னிடம் வந்து, "தாள் தீந்துபோச்சுன்னு சொல்லிடுங்க, வீட்டுல ஒரு வேலை நடக்க மாட்டேங்குது" என்று கேட்டுக்கொண்டார்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்குத்தான் மஞ்சள் தாளும் தகரப் பெட்டியும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க வளாகத்தின் மேலாளர் என்னைப் பிடித்தார். நல்ல மனிதர், டை கட்டிக்கொண்டு என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து பேசினார். வரைபடத்தை விரித்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். "இது உங்க கடை. சொன்ன தேதிக்கு வளாகம் திறந்தா கண்டிப்பா உங்களுக்குத்தான். பார்த்து எழுதுங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். மழைக்காலத்தில் நனைந்துபோன மனுக்களை இஸ்திரி போட்டுக் காய வைத்தே என் மனைவிக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது. "கதவு கண்ணாடியா?" என்று இரண்டு முறை கேட்டாள். கண்ணாடிதான் என்றேன். எனக்கு அன்று ராஜா மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன்.

முதலில் நான் செய்தது வெறும் திருத்தம்தான். கோபத்தில் ஆயிரம் பேசுவார்கள். அப்படியே எழுதினால் படிக்கிற அதிகாரி தாளைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். "எங்க வயித்துல அடிக்கிறானுங்க, வெளங்கவே மாட்டானுங்க" என்றார் சுமை தூக்கும் பெரியவர். 'சுமை தூக்குவோருக்கும் வளாகத்தில் ஓர் இடம் ஒதுக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதையே வாசித்தேன், 'வெளங்கவே மாட்டானுங்க' உட்பட. "ஆங், அதான்" என்று கட்டைவிரலை அழுத்தினார். அவருக்கு மனசு ஆறியது, தாளுக்கு மரியாதை கிடைத்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

படிக்கத் தெரிந்தவர்களின் தாளில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. வாத்தியாரின் தாள்கள் எல்லாம் அப்படியே பெட்டிக்குப் போயின. அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊக்கு அக்கா வந்தது இரண்டாவது வாரம். இரண்டாம் பிளாட்பாரத்தில் ஊக்கு, சீப்பு, கைக்குட்டை விற்பவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. வயதில் என்னைவிடச் சின்னவள், ஆனாலும் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். எட்டு வருஷமாக அவளுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் நான்தான். "என் தடிக்கு எல்லாம் தெரியும்ணே, படிக்க மட்டும் தெரியாது. அதான் உங்ககிட்ட வர்றேன்" என்பாள்.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எழுதிக்குங்கண்ணே. கடை வரட்டும், சந்தோஷம்தான், கூட்டம் வந்தா எனக்கும் நாலு ஊக்கு கூடப் போகும். ஆனா ரெண்டாவது பிளாட்பாரத்துல, விளிம்புலேர்ந்து ரெண்டடி உள்ள, மேடு மேடா ஒரு கல் வரிசை போகுது. தடி அதுல பட்டாதான் நின்னுக்கணும்னு எனக்குத் தெரியும். பளபளன்னு புதுத் தரை போடுறேன்னு அதைப் பேத்துடாதீங்க. பேத்தா எனக்கு ஆபத்து. அந்த ஆபத்தை ரெண்டு தடவை போடுங்கண்ணே. ஒரு தடவை போட்டா கண்ணுல படாது."

நான் எழுதியது உங்கள் கையில் இருக்கிறது. 'புதிய வளாகத்தை மனதார வரவேற்கிறேன். இரண்டாம் பிளாட்பாரத்தில் உட்காருவதற்குப் பெஞ்சுகள் போட்டால் உதவியாக இருக்கும்.'

"வாசிங்கண்ணே" என்றாள். வாசித்தேன். கல் வரிசை, ரெண்டடி, பளபளப்பு, ஆபத்து, இன்னொரு முறை ஆபத்து. எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நான் பேசினதுதான், ஆனா நீங்க வாசிச்சா சட்டம் மாதிரி இருக்கு" என்றாள். அவள் விரலைப் பிடித்து மையில் தொட்டுத் தாளில் நானே அழுத்தினேன். துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். மேலாளர் சொன்னதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏதாவது ஒரு தாளில் 'ஆபத்து' என்று இருந்தால், ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி செய்யும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. அதுவும் விதி. "ஆறு மாசம் இழுத்துடும், அப்புறம் கடை யாருக்குப் போகும்னு எனக்கே தெரியாது" என்றார். ஆகவே, அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

அறுநூற்றுச் சொச்சம் தாளில் ஒரு தாள். அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டும் மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் அவளிடம் ஓர் அட்டை ஊக்கு வாங்கினேன். "அண்ணி இத்தனை ஊக்கை வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றாங்க?" என்று சிரிப்பாள். வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, மேசை இழுப்பறையிலேயே போட்டு வைத்தேன். இப்போதும் கடையில் அந்த இழுப்பறையைத் திறந்தால் மூட முடியாது.

வேலை நடந்த மாதங்களில் இரண்டாம் பிளாட்பாரத்தை அடைத்துவிட்டார்கள். அவள் வாசலில் நின்று விற்றாள். தடுப்புக்குப் பின்னால் பழைய கற்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றியதை நான் பார்த்தேன். அந்த மேட்டுக் கல்லும் அதில் இருந்தது. அப்போதாவது நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் என் கடைக்குக் கண்ணாடிக் கதவு மாட்டிவிட்டது தெரிந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

திறப்பு நாளன்று கூட்டம் சொல்லி மாளாது. சபித்தவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுமை தூக்கும் பெரியவர் ஏசிக் காற்றில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, "எழவு, நல்லாத்தான்யா இருக்கு" என்றார். வாத்தியார் வளாகத்தில் வைத்திருந்த யோசனைப் புத்தகத்தில் முதல் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். என் கடையில் மூன்று பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள். மேலாளர் பெரிய மனிதர் ஒருவரை அழைத்து வந்து, "இருபத்தாறு வருஷம் வெயில்ல உக்கார்ந்தவர் சார், இவரும் எங்க கடைக்காரர்தான்" என்று என்னைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஊக்கு அக்கா வந்தாள். என் குரலை வைத்துக் கதவைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, ரெண்டாவது பிளாட்பாரம் தொறந்துட்டாங்களாமே. போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். நம்ம மேடு இருக்குல்ல?"

மேலாளர் என்னைப் பார்த்தார். பெரிய மனிதரும் பார்த்தார். அங்கே மேடு கிடையாது என்று எனக்குத் தெரியும். கடையிலிருந்து பிளாட்பாரம் வரைக்கும் ஒரே தரை, முகம் பார்க்கலாம்.

"இருக்கும்மா, போட்டாச்சு" என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்க எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாட்டுச் சத்தத்தில் அவள் தடி தட்டுகிற ஓசை கேட்கவில்லை. ஒருவருக்குப் படிவம் நிரப்பி முடித்து அடுத்தவரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் ரயிலின் ஹாரன் விடாமல் ஒலித்தது.

ரயில் ஓட்டுநர் உங்களிடம் சொன்னாராமே, அவள் தயங்காமல், தடியால் தரையில் எதையோ தேடிக்கொண்டே நடந்து வந்தாள் என்று. எதைத் தேடினாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

அவளுடைய தங்கை வெளியூரிலிருந்து வராமல் இருந்திருந்தால் இது விபத்தாகவே போயிருக்கும். "எங்க அக்கா மனு குடுத்திருக்கா. ஆபத்துன்னு ரெண்டு தடவை எழுதச் சொன்னேன்னு போன்ல சொன்னா" என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாளாம். தாளைத் தேடி எடுத்தால் அதில் பெஞ்சு இருந்தது. ஒரு தாளை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன் அல்லவா, படித்திருக்கிறார்கள். இரண்டாம் பிளாட்பாரத்தில் நான்கு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உடலை வாங்க வந்த அன்று தங்கை அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்கதான் எங்க அக்கா சொல்ற அண்ணனா?" என்று கேட்டாள். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் அவளைத் தள்ளவில்லை. இதைப் பல ராத்திரி எனக்கே சொல்லிப் பார்த்தாயிற்று. தள்ளியிருந்தால்கூட அவளுக்கு யார் தள்ளியது என்றாவது தெரிந்திருக்கும். என்னை நம்பித்தான் நடந்தாள், என்னால்தான் செத்தாள். என்ன பிரிவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் யாருடைய வார்த்தையையும் நான் மாற்றப்போவதில்லை, மாற்றவும் மனசில்லை. அந்தப் புத்தி போய்விட்டது.

முடிந்தது. எழுதியவரே முழுக்க வாசித்தும் காட்டிவிட்டார், நன்றி. நல்ல குரல். நான் சொன்னது சொன்னபடியே இருப்பதாகத்தான் காதில் விழுந்தது.

இருந்தாலும் அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள் மேடம். என் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.