அக்கா இல்லாமல் பார்த்த பாகம்

நெட்டில் வருகிற இந்தத் தொடர்களில் ஒரு சௌகரியம், ஐயா. அடுத்த பாகம் வேண்டுமா என்று நம்மைக் கேட்பதே இல்லை, அதுபாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டு யாரும் எதுவும் செய்ததில்லை என்பதால் எனக்கு அது பழகிப்போன விஷயம்தான்.

அக்கா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் கல்யாணம் ஆகாமல் அவளோடேயே தங்கிவிட்டவள். நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து அவள் கட்டிலோடுதான். மூக்கில் ஆக்சிஜன் மிஷினின் குழாய், கையில் டிவி ரிமோட். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வது மட்டும் அவள்.

அப்படித்தான் அந்த மந்திரி கதை வீட்டுக்குள் வந்தது. கூட இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கவிழ்த்து மேலே வருகிற ஒரு மந்திரி. யார்மேலும் கை வைக்க மாட்டார். உதவி கேட்டு ஃபோன் வந்தால் எடுக்க மாட்டார், அவ்வளவுதான். நல்லவர்கள் வருகிற கதை என்றால் எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருக்கும். இதில் அத்தனை பேரும் அயோக்கியர்கள். பார்த்துவிட்டுப் படுத்தால், நான் எவ்வளவோ தேவலை என்று நிம்மதியாகத் தூக்கம் வரும்.

"நான் இல்லாம ஒரு பாகம்கூடப் பார்க்கக் கூடாதுடி. சத்தியம் பண்ணு" என்றாள் அக்கா. பண்ணினேன்.

ஆனால் பாதியிலேயே தூங்கிவிடுவாள். உடனே நிறுத்திவிட வேண்டும். விழித்ததும், "ஒண்ணும் புரியல, முதல்லேருந்து போடு" என்பாள். கடைசிப் பாகங்களுக்கு வந்தும் வாரக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் மேல போலாமே அக்கா."

"உனக்கென்னடி அவசரம், ஆபீசுக்கா கிளம்பணும்?"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் அழுகையாக வரும்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் இன்வெர்ட்டர் பழசு. டிவியும் மிஷினும் சேர்ந்து ஓடினால் தாங்காது, கத்திவிட்டு அணைந்துவிடும். அதனால் கரண்ட் போனால் டிவியை அணைப்பதுதான் வீட்டு வழக்கம். குளிக்கிற நேரத்துக்கு மிஷின் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அக்கா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். திரையில் மந்திரி பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் சொந்தத் தம்பியே ஜெயிலுக்குப் போவான். இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. மிஷின் பிளக்கை அப்படியே பிடுங்கினால் அதுவும் கத்தும். அதனால் முதலில் அதன் பட்டனை அணைத்துவிட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த ஒரு காட்சிக்குத்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். பாகம் முடிந்தது. எழுந்து மிஷினை மாட்டத்தான் நினைத்தேன், அதற்குள் கடைசிப் பாகம் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ரிமோட் அக்கா கையில் அல்லவா இருந்தது.

விழித்துக்கொண்டு, அந்த ரிமோட்டால் கட்டில் கம்பியைத் தட்டினாள். கூப்பிடக் குரல் வரவில்லை. எனக்குக் காதில் விழாமல் இல்லை. "இரு அக்கா, இதோ வந்துட்டேன்" என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். கட்டிலுக்கடியில் அவசரத்துக்கென்று ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தோம். அதை இழுத்து மாட்டுவதென்றால் திரைக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவள் இரு என்று சொன்னபோதெல்லாம் நான் இருந்திருக்கிறேன், ஐயா. ஒரு தடவை அவள் இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

தட்டுவது நின்றது. ரிமோட் தரையில் விழுந்து பேட்டரி கழன்று ஓடியது. தேடி எடுத்து மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கரண்ட் வந்தபின் மிஷினை மறுபடி மாட்டியதும் நான்தான். மறைக்க அல்ல, அதது அதனதன் இடத்தில் இருக்க வேண்டுமே என்றுதான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உறுத்தல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரம் சத்தியம் வாங்கியிருந்தாள், பாவம். கடைசிப் பாகத்தை நான் தனியாகப் பார்த்திருக்கக் கூடாது.