சமமான தெரு

பம்மலிலிருந்து தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பேர், ஒரே ஆபீஸ்காரர்கள். மடியில் டிபன் பை வைத்திருந்தவர் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"பையன் நல்ல பையன் சார். என் பொண்ணைப் பார்க்க அவங்க வரச் சொன்ன படப்பை கோயில் தெருதான் சமமா இருந்துடுச்சு."

நண்பர் சிரித்தார். "இன்னும் அந்த எண்பத்தஞ்சு மாடல் கார்தானா? செல்ஃப் மோட்டாரை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எங்க தெரு நல்ல இறக்கம் சார். பிரேக்கை விட்டு, உருளும்போது கியரைப் போட்டா ஸ்டார்ட் ஆயிடும். படப்பையில அது நடக்கலை. கிளம்பற நேரத்துல வண்டி அசையலை. பொண்ணு பட்டுப்புடவை கட்டியிருந்தா. அவளை ஸ்டியரிங்ல உட்கார வச்சுட்டு நானும் பையனும் தள்ளினோம்."

"பொண்ணு பார்க்க வந்தவரையா தள்ள வச்சீங்க?"

"அவரா வந்தார் சார். நான் பத்தடியில மூச்சு வாங்கி நின்னுட்டேன். அவர் வெள்ளைச் சட்டையோட குளத்தங்கரை வரைக்கும் தள்ளிட்டுப் போனார்."

"அவ்வளவு தூரம் போயுமா ஸ்டார்ட் ஆகலை?"

"அவ கியரே போடலை சார். நியூட்ரல்ல வச்சுக்கிட்டு, கண்ணாடியில அவரையே பார்த்துக்கிட்டுப் போயிருக்கா. ஏம்மான்னு கேட்டா, 'பாதியில விட்டுட்டுப் போறாரான்னு பார்த்தேம்பா'ங்கறா. தையில கல்யாணம்."

"அப்ப இனிமேலாவது செல்ஃபை மாத்திடுவீங்க."

சானடோரியம் வந்துவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சின்னவளுக்கு இன்னும் பார்க்கணுமே சார்."