வசவு நீக்கிச் சொன்னவள்

எனக்கு டீ வேண்டாம் ஐயா, வெந்நீர் இருந்தால் போதும். தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதைக் கெடுத்துக்கொள்வதில்லை. வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அன்றைய வாக்கி-டாக்கிப் பதிவைக் கேட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாங்கள் வேலை பார்த்த அறையை நீங்கள் பார்த்தீர்கள். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் அதைவிடச் சின்ன அறை கிடையாது. ஒரு பக்கம் மேனேஜர் மேஜை, அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் தலைமை என்ஜினியர் மேஜை, அவருக்கு ரஷ்ய மொழி மட்டும்தான். மேனேஜர் அவருக்கு வைத்த பெயர் கரடி. நடுவில், இரும்பு பீரோவில் முதுகு இடிக்க, என் நாற்காலி. நான் பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட யாராவது ஒருவர் எழுந்து வழிவிட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

இருவருக்கும் வாய் கொஞ்சம் நீளம். ரஷ்ய மொழியில் கோபம் வந்தால் நேரே தாயாரிடம் போய்விடுவார்கள். ஆங்கிலத்தில் மூளையையும் பின்புறத்தையும் பிடித்துக்கொள்வார்கள். தமிழில் இரண்டும் தாராளமாக உண்டு என்பதால் எனக்கு எதுவும் புதிதாக இல்லை. ஆனால் எங்கள் மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று தள்ளி நின்று பேசக்கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் அப்படித்தான் மேனேஜரின் தாயாரைப் பற்றி என் வாயாலேயே ஒரு வாக்கியம் சொன்னேன். திட்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, மேனேஜர் என்னை முறைத்தார். அவர் பதிலை நான் திருப்பிச் சொன்னதும் கரடியும் என்னைத்தான் முறைத்தார். அப்புறம் பல நாள் இரண்டு பேரும் எனக்கு வழிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் பூசி மெழுக ஆரம்பித்தேன். ‘மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிட்டு வந்தாயா’ என்பது ‘இன்னொரு தரம் யோசித்தால் நன்றாக இருக்கும்’ என்று ஆனது. ‘அந்தக் குடிகாரக் கரடியிடம் சொல்’ என்பது ‘நண்பரே’ என்று ஆனது. கொஞ்ச நாளில் இருவரும் ஒருவருக்கொருவர் பிறந்தநாள் பரிசு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜர் ஒருமுறை என்னிடம், இந்தக் கரடிக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலையை விட்டுவிட நினைக்காமல் இல்லை. ராஜினாமா எழுதிக்கூடக் கொடுத்தேன். ‘சரி, வேறு ஆள் பார்க்கிறேன்’ என்றார் மேனேஜர். அப்போதுதான் உறைத்தது. வருகிற ஆள் உள்ளதை உள்ளபடி சொல்வான். ஒரு மணி நேரத்தில் என் சாயம் வெளுத்துவிடும். இத்தனை வருஷமாக நீ என்னதான் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று இருவரும் சேர்ந்து கேட்பார்கள். மறுநாளே ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பீரோவுக்கும் இரண்டு மேஜைக்கும் நடுவில் உட்கார்ந்து, சாகும்வரை எனக்கு இங்கிருந்து வெளியே போக வழி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இந்த நிலைமையில்தான் என் அக்கா மகளை வேலைக்கு எடுத்தார்கள். நான் சிபாரிசு செய்யவில்லை. எனக்கு வயதாகிறது, கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்று மேனேஜரே செய்த உபகாரம். வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் நான். ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவளும் நான்தான், வசவு உட்பட. நல்ல காது அவளுக்கு. சேர்ந்த வாரமே மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிட்டாள்.

“சித்தி, அவர் ஒண்ணு சொல்றார், நீங்க வேற ஒண்ணு சொல்றீங்க.”

அதற்குப் பெயர் அனுபவம் என்றேன்.

“இல்ல சித்தி, இது பொய். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் நானே சொல்ல வேண்டியிருக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. தன் டப்பாவிலிருந்த ஆப்பிள் துண்டுகளை என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் சொன்னாள். நான் அவற்றைத் தொடாமல் என் டப்பாவை மூடினேன். பயம். வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை கப்பலின் அடித்தொட்டியில் ஆய்வு. கரடியின் ஃபிட்டர் ஒருவரும், ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆய்வாளரும் உள்ளே இறங்க வேண்டும். நடுவில் பேச ஒருவர் வேண்டும். வழக்கமாக நான்தான் இறங்குவேன். முழங்கால் வலிக்கிறது என்றேன். வலி உண்மைதான், நீங்கள் டாக்டரைக் கேட்கலாம். குட்டி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, “சாயங்காலம் பேசிக்கலாம் சித்தி” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தொட்டியின் இரும்புக்குள் வாக்கி-டாக்கி எடுக்காது. உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிடும் உத்தரவை மேனேஜர் மட்டும்தான் தரலாம். தொட்டி வாயில் நிற்கும் ஆள் வேறு யார் சொன்னாலும் அசையமாட்டான். கரடி கப்பலின் மறுகோடியில் என்ஜின் அறையில் இருந்தார். அங்கிருந்துதான் வாக்கி-டாக்கியில் எங்கள் அறையைக் கூப்பிட்டார். மேனேஜரின் தாயார், அவருக்குத் தாயார் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவர் அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. பக்கத்துத் தொட்டியிலிருந்து விஷவாயு கசிகிறது, ஆட்களை இந்த நிமிஷமே வெளியே எடு என்றார். வசவை எடுத்துவிட்டால் மிஞ்சியது அவ்வளவுதான். அன்றைக்கு நான் அதிலும் கொஞ்சம் எடுத்தேன்.

மேனேஜர் என்னவென்று கேட்டார். காற்றோட்டம் போதவில்லை என்று நினைக்கிறார், நேரம் கிடைக்கும்போது ஒருமுறை பார்க்கச் சொல்கிறார் என்றேன். மேனேஜர் போனில் இருந்தார். தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கரடியிடம், ஆட்களை எடுத்தாகிவிட்டது என்று ரஷ்ய மொழியில் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். கண்டபடி திட்டிவிட்டேன், என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு என்றார். அதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. வசவே போய்ச் சேராத இடத்துக்கு மன்னிப்பு எதற்கு?

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அக்கா என் மடியில்தான் தலைவைத்து அழுதாள். உங்கள் விசாரணைக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். ‘ஆட்களை எடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே’ என்று கரடி மேனேஜரைப் பார்த்துக் கதறினார். ‘ஆட்கள் வெளியே வந்திருப்பார்கள் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிட்டேன்’ என்று அதை உங்களிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டு கரடியை உள்ளே வைத்தீர்கள். அவர் இன்றுவரை மேனேஜர்தான் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

தெரிந்துதான் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். மூன்று பேரும் செத்துப்போவார்கள் என்று தெரியும். குட்டியைக் கொன்றது நான்தான். ஃபிட்டரும் ஆய்வாளரும் கூட இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று ஐயா, அவளை நான் ஒருநாளும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவைக் கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள்.

இனி கரடியிடம் இதையெல்லாம் யாராவது ரஷ்ய மொழியில் சொல்லியாக வேண்டும். நீங்கள் கூட்டிவந்த அந்தப் புது ஆளை அனுப்பாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி மனுஷரை நோகடித்துவிடுவார். என்னையே அனுப்புங்கள். அவர் மனம் புண்படாமல் சொல்ல எனக்குத்தான் தெரியும்.