கருப்பட்டிப் பெட்டியில் ஏழு பேனா

ஹலோ… ஹலோ, ஷெர்லினா? …ஆமா, ரூபி மதினிதான் பேசுதேன். …இருமல்லாம் இல்ல, குரலே அப்படித்தான் கெடக்கு. …ஆங், நேத்து சாயங்காலமே குத்தாலம் வந்துட்டேன். எந்தம்பி சாம்தான் ஆஸ்பத்திரியில இருந்து கார்ல கொண்டாந்து விட்டுட்டுப் போனான். ஒங்கிட்ட சொல்லலியா? …சரி, ஒம் புருசன் எதைத்தான் ஒங்கிட்ட சொல்லுதான்.

ஆபரேசன் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஒத்தக் கண்ணுதானே. பச்சைக் கண்ணாடி மாட்டி விட்டுருக்காங்க, ஊரே பாசி புடிச்ச மாதிரி தெரியுது. …ஆமா, சாரல் விழுந்துகிட்டேதான் இருக்கு. ஈரக் காத்து படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. குத்தாலத்துல ஜூலை மாசம் ஈரக் காத்து படாம இருக்கணும்னா பீரோவுக்குள்ளதான் போயி உக்காரணும்.

அந்த பீரோ விசயமாத்தான் கூப்பிட்டேன். …இரு. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. கீழ்த் தட்டுல ஒரு ஓலைப் பெட்டி இருந்துது. கருப்பட்டி போட்டுத் தருவாங்கல்லா, அந்தப் பெட்டி. அதைத் தொறந்தியா?

…ம். …ம். …பூனைக்குச் சோறு வைக்க வந்த. சரி. அதுக்குத்தான் சாவி குடுத்துட்டுப் போனேன். பூனை பீரோவுக்குள்ளயா இருந்துது? …ஏசலை ஷெர்லின். ஏச எங்க தெம்பு இருக்கு. நீ சொல்லு.

…பரிட்சை ஜெபமா? இப்பமா? …ஆமா, துணைத்தேர்வு. அதை எழுதுதவங்களுக்கும் ஞாயித்துக்கெழமை பேனாவைக் கொண்டு போயி முன்னால வச்சு, பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணிக் குடுப்பாரு. தெரியும். …பேனா வாங்குத பொறுப்பு ஒனக்கு. …நீ மறந்துட்ட. ஞாயித்துக்கெழமை காலையில கடை கெடையாது. …எழுதுதவங்க நாலு பேரு. அதனால எம் பெட்டியில இருந்து நாலு.

ம். ஏழுல நாலு.

…கருப்பட்டிப் பெட்டியில கெடந்தா வேண்டாத பேனான்னு அர்த்தமா? …சரிதான், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. நல்ல பேனான்னா வெல்வெட்டு டப்பாவுல இருக்கணும். இதை டப்பாவுக்குள்ள வச்சா அழுகிப் போகும். செல்லுலாய்டு பேனா, அதுக்குக் காத்துப் போக்குவரத்து வேணும். மூடி வச்சா வேர்க்கும், வெடிக்கும், ஒண்ணு கெட்டா பக்கத்துல இருக்கதையும் கெடுக்கும். இந்த ஊரு ஈரத்துக்கு நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்து, கடைசியில பனவோலைதான் சரின்னு வச்சிருந்தேன். அதுவே எனக்கு வினையா வந்துருக்கு.

…என்னது? …கழுவினியா? எதுக்கு? …சூடம் வாசம் அடிச்சுதா. அடிக்கும். அந்தச் செல்லுலாய்டைச் செய்யுததே சூடத்தைப் போட்டுத்தான். …சூட வாசத்தோட சர்ச்சுக்குள்ள எப்படிக் கொண்டு போகதுன்னு கழுவிட்ட. சரி. பச்சைத் தண்ணியிலதானே?

…வெந்நீர்.

…சோப்பும் போட்டு.

…இரு. செத்த உக்காந்துக்கிடுதேன்.

…அழாத. நீ அழுது என்ன செய்ய. நான் அழலாம்னு பாத்தா கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னுருக்காங்க. …பாப்போம், மேல லேசா மங்கியிருக்கும். பாப்போம்.

…இத்தாலிப் பேனா. …பெரிய கம்பெனில்லாம் இல்ல. தெசாரோன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரு ஷெட்டுக்குள்ள செஞ்சது. இருவது வருசம் ஓட்டிட்டு மூடிட்டாங்க. இத்தாலிக்காரன்கிட்ட கேட்டாலே முழிப்பான். …எனக்கு எப்படித் தெரியுமா? போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருந்தப்போ, சீசனுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஃபாரம் எழுதிட்டு மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. விலாசம் தேடித் திருப்பி அனுப்பினேன். மூணு மாசம் கழிச்சு அதே பேனாவை எனக்கே அனுப்பிட்டாரு, ஒங்க கையெழுத்துக்குத்தான் இது பொருந்தும்னு ஒரு சீட்டு வச்சு. ஏழுல பச்சையா இருக்க பேனா அதுதான். அதுல புடிச்ச கிறுக்கு. மொத்தம் ஏழு கலர் போட்டிருக்கான். ஏழும் சேர முப்பத்திரெண்டு வருசம் ஆச்சு எனக்கு. …வெலையக் கேக்காத ஷெர்லின். சொன்னா ஒனக்கும் மனசு கெடும், எனக்கும் கெடும்.

சரி, அந்த நாலு பேரு யாரு? …திருப்பிக் குடுத்துட்டாங்களா? மூணு பேருமா? …மை ஊத்தி எழுத யாருக்குத் தெரியும், பால்பாயிண்டே போதும்னுட்டாங்களா. …ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இதுக்குச் சொல்லலாம். …பச்சை இருக்கா? …நீலம்? …கருஞ்சிவப்பு. சரி. அப்ப தேன் கலரு எங்க?

…யாரு முத்துசெல்வி? …ஒன் வீட்டுக்கு எதுத்தாப்புல, பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையலுக்கு உதவியா நிக்கால்லா, அவளா? அவளுக்கு நாப்பது வயசு இருக்குமே. …பத்தாங்கிளாஸ் தனியா எழுதுதா. …பாஸானா அமைப்பாளர் வேலை கெடைக்கும். …ரெண்டு தடவை போயிட்டு, இது மூணாவது மட்டமா. அட, பாவமே. …அவ நம்ம சர்ச்சு இல்லையே? …சரி, எந்தச் சாமி பாஸாக்கினாலும் அவளுக்குச் சரிதான்.

…ம். …ம். …ஐயா ஜெபம் பண்ணிக் குடுத்ததை வாங்கிட்டு நேரா இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போயி, பாதத்துல வச்சு, சந்தனமும் தடவிட்டாளா? …அந்தப் பேனாவுக்கா? …அப்படியே பொட்டல்புதூர் தர்காவுக்கும் ஒரு நடை கொண்டு போயிருக்கலாம். …கேலி பண்ணலை. அலுப்புல சொல்லுதேன்.

ஒனக்குத் தெரியாது ஷெர்லின். அந்தத் தேன் கலருதான் ஏழாவது. போன மாசந்தான் வந்துது. அதுக்கு மட்டும் பதினோரு வருசம் காத்துக் கெடந்தேன். கண்ணு தெரியாம அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியலைன்னுதான் இந்த ஆபரேசனே பண்ணினேன். நீ போயி நயமாப் பேசி வாங்கிட்டு வந்துரு. அவளுக்கு வேற நல்ல பேனா வாங்கிக் குடுத்து…

இரு. இரு, இரு. அதுல மை ஊத்திட்டாளா?

…பேனா பக்கவாட்டுல இருக்க கம்பியத் தூக்கினாளா. …மையை உள்ள இழுத்துதா? …நேத்து பூரா எழுதினாளா. எழுதுதா. …ஷெர்லின், மணி என்ன? எனக்குக் கடியாரம் தெரியலை. …எட்டேகாலா. பரிட்சை எத்தன மணிக்கு? …தென்காசியில பத்து மணிக்கு. எட்டரை பஸ்ஸுக்குப் போவா. …என்ன பரிட்சை இன்னைக்கு? …சமூக அறிவியலா. பக்கம் பக்கமா எழுதணுமே.

நீ செருப்பு மாட்டு. மாட்டிக்கிட்டே கேளு. அந்தப் பேனாவுக்குள்ள மை புடிக்க ஒரு ரப்பர் பை இருக்கும். அது எழுவது வருசத்து ரப்பரு. எலும்பு மாதிரி காஞ்சு போயிருந்துது. நான் இன்னும் மாத்தலை, கண்ணு தெளிஞ்ச பொறவு மாத்தலாம்னு வச்சிருந்தேன். நீ வெந்நீர்ல போட்டதுல இளகிட்டு. அதான் மை இழுக்குது. ஆனா அது நிக்காது. எழுத எழுதக் கையி சூட்டுக்கு விட்டுரும். பாதிப் பரிட்சையில மொத்த மையும் பேப்பர்ல கொட்டும். எழுதின பக்கமெல்லாம் போயிரும். …ஆமா. மூணாவது மட்டமும் போயிரும்.

…பேனா கெடக்கு, அதை விடு. நீ ஓடு. பச்சைப் பேனாவை எடுத்துக்க, மை பாட்டிலை எடுத்துக்க. போனைக் கட் பண்ணாத.

…

…ம், கேக்குது. …பேசு, நீ பேசு. …குடுக்க மாட்டேங்காளா? …என்ன சொல்லுதா? …ரெண்டு சாமிகிட்ட வச்சது. …வெலை ஒசந்த பேனான்னு தெரிஞ்சதும் புடுங்க வாறேன்னு சொல்லுதாளா. நீ ஏன் இத்தாலின்னு சொன்ன? …சரி, போனை அவகிட்ட குடு.

…ஹலோ, முத்துசெல்வியா? நான் ரூபி, குத்தாலம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தேன்லா. …ஆமாம்மா, ஒனக்குச் சேமிப்புப் புஸ்தகம் போட்டுக் குடுத்தது நாந்தான். ஞாபகம் இருக்கா, சரி. …கேளு. …நீ கேளேன். அந்தப் பேனா ஒழுகும். …இப்பம் ஒழுகாது. பரிட்சைக்குள்ள ஒழுகும். ஒன் விரல்ல மை இருக்கா, பாரு. …எல்லா மைப் பேனாவுலயும் ஒட்டத்தான் செய்யும். அதுவும் சரிதான். எப்படி ஒனக்கு நிரூபிக்க, நான் பக்கத்துல இருந்தா கழத்திக் காட்டிருவேன்.

…ஆமா. …ஆமா, எனக்கு அது வேணுந்தான். அதை ஒளிக்கலை. ஷெர்லின் எங்கிட்ட கேக்காமத்தான் எடுத்தா. திருப்பி வாங்கணும்னுதான் போன் போட்டேன். …அதுக்காகப் பொய் சொல்லலை செல்வி. வேணுங்கதும் நெசம், ஒழுகுங்கதும் நெசம். …நம்ப மாட்டேங்க. …நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். ரெண்டு மட்டம் போன பொறவு, எழுதுத பேனாவை எவளோ ஒருத்தி போன்ல கேக்கா.

…

…பஸ்ஸு வந்துரும்.

செல்வி, போனை ஸ்பீக்கர்ல போடு. ஷெர்லினும் கேக்கட்டும். …போட்டாச்சா? அந்தத் தேன் கலரு பேனா ஒனக்குத்தான். …ஒனக்கேதான். இன்னைக்கு இல்ல, என்னைக்கும். நான் திருப்பிக் கேக்க மாட்டேன், ஷெர்லினும் கேக்க மாட்டா. …ஷெர்லின், நீ சும்மா இரு, நான் யோசிச்சுத்தான் சொல்லுதேன். …இப்பம் எனக்குப் பொய் சொல்லி என்ன லாபம்? சொல்லு. …அப்ப நம்புத. …சரி. அதை வீட்டுல வச்சிட்டு, இன்னைக்கு மட்டும் பச்சையை எடுத்துட்டுப் போ. அதுல ரப்பர் போன வருசம் நானே மாத்தினது. அதுலதான் தெனம் எழுதுதேன், ஒரு சொட்டு கொட்டாது. ஐயா ஜெபம் பண்ணின நாலுல அதுவும் ஒண்ணு. …முருகன்கிட்ட வைக்கலையேன்னா, அந்தச் சந்தனத்துல கொஞ்சம் வழிச்சு இதுல தடவிக்க. அவரு ஒண்ணும் கோவிக்க மாட்டாரு. கூட ஒரு பால்பாயிண்டும் போட்டுக்க.

…ஷெர்லின், நீ மை ஊத்திக் குடு. முக்கால் போதும். …ஆமா, குடுத்துட்டேன். …ஏழு, ஆறு ஆயிட்டு. ஒரு மாசம் ஏழா இருந்துதுல்லா, போதும். …நீ இனி அழாத, ஒனக்கு அழுகதே வேலை.

செல்வி… இருக்கியா? தேன் கலர்ல உள்ள மையை ஊத்திட்டு, பச்சைத் தண்ணியில அலசு. பச்சைத் தண்ணி. …எதுல வைக்கப் போற? …பிளாஸ்டிக் கவரா? வேண்டாம், வேண்டாம். வெந்து போகும். கருப்பட்டி வாங்கின ஓலைப் பெட்டி இருக்கா வீட்டுல? …அதுல வை. சூடம் வாசம் அடிக்கும், அடிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம். பரிட்சையெல்லாம் முடியட்டும், இங்கன கொண்டா. ரப்பர் மாத்தித் தாறேன். அதுக்குள்ள கண்ணும் தெளிஞ்சிரும். …சும்மாத்தான். மாத்திட்டு நீயே கொண்டு போ.

…பஸ் சத்தம் கேக்குதே. வந்துட்டா? …செங்கோட்டை போகதா. சரி, அப்பம் நேரம் இருக்கு.

ஒண்ணு கேக்கணும். நேத்து பூரா எழுதிப் பாத்தியே… எப்படி இருந்துது? …இல்ல, பரிட்சைக்குப் படிச்சதைக் கேக்கலை. பேனா. நிப்பு பேப்பர்ல எப்படிப் போச்சுன்னு கேக்கேன். …நான் இன்னும் அதுல ஒரு எழுத்து எழுதலை. வந்ததுல இருந்து கையில வச்சுத் தடவித்தான் பாத்தேன்.

…ம்.

…எண்ணெ தடவின தோசைக்கல்லுல மாவு தேய்க்க மாதிரியா. …கரண்டி தானாச் சுத்தும், ஆமா. …அவ்வளவு லேசாவா. …முதல்ல என்ன எழுதின? …ஒன் பேரா. …எத்தன மட்டம்? …ஒரு பக்கம் பூராவா.

…நல்லாச் சொன்ன. போதும்.

…வந்துட்டா? பாத்து ஏறு. பச்சை எடுத்துக்கிட்டியா? …மூடியை இறுக்கி மூடு. …சரிம்மா. போ, போ, நல்லா எழுது.

…ஷெர்லினா? ஏறிட்டாளா? …ம். …இல்ல, ஒண்ணும் இல்ல. மத்த ரெண்டையும் சாம்கிட்ட குடுத்து விடு. தொடைக்காத, கழுவாத, இருக்கபடியே குடுத்து விடு. …பூனை சாப்ட்டாச்சு. எனக்குத்தான் இன்னும் மருந்து ஊத்தலை. நேரமாச்சு, வைக்கேன்.