சிவப்பில் நோய், நீலத்தில் மருந்து

— அழவாணாம் கமலா. மடவளைக்கு வந்து சேந்திட்டாய்தானே. எங்கட ஊட்டுக்கு இனி ஒத்தரும் வரமாட்டாங்க. இந்தா, பிளேன்டி குடி.

— அழேல்லை றம்ஸியா. சிரிப்புத்தான் வருது. காலமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கினவங்கள். இப்பதான் விட்டவங்கள்.

— உம்மா ஓதிக்கொண்டே ஈந்தா. ஐடென்டி கார்ட் ஈந்திச்சிதானே? பொறகு எதுக்குப் புடிச்சாங்க?

— அது யாழ்ப்பாணத்துக் கார்ட், கண்டாலே அவங்களுக்குச் சந்தேகம்தானே. உடன பையைத் திறந்தாங்கள். நாங்கள் ரெண்டுபேரும் கோடு போட்ட மருத்துவக் கட்டுரையள் உள்ளுக்கை கிடந்தது.

— யா அல்லாஹ்! நான் கீறினதுமா?

— ஓம். நோயின்ர பேருக்குச் சிவப்பு, மருந்தின்ர பேருக்கு நீலம். ரகசியத் தகவல் எண்டு நினைச்சிட்டாங்கள். இந்தப் பேரையெல்லாம் ஆர் குறிக்கச் சொன்னது எண்டு ஒரே கேள்வி.

— கம்பஸ் ஆராய்ச்சி எண்டு செல்லல்லயா?

— சொன்னனான். நாங்கள் குறிச்சுக் காட்டக் காட்டக் கம்பியூட்டர் பழகும், பிறகு புதுக் கட்டுரை குடுத்தால் தானாவே பேருகளைக் கண்டுபிடிக்கும் எண்டு அரைகுறைச் சிங்களத்தில சொன்னன். ஆர் நம்பினது!

— எனக்கே நம்ப ஒரு வருசம் போச்சி. பொறகு?

— அவங்கட பெரியவர், லொக்கு மஹத்தயா, வந்தார். தாளைப் புரட்டினார். மெட்ஃபோமினுக்கு நீலக் கோடு. “இது நான் சீனி வருத்தத்துக்குப் போடுற குளிசையல்லோ” எண்டார். மனுசனுக்கு முகமே மாறிட்டுது. கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்தார்.

— அல்ஹம்துலில்லாஹ்! அந்தாளுக்கு சீனி வருத்தம் வந்ததும் நல்லதுக்குத்தான்.

— வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு, றம்ஸி.

— இல்ல புள்ள, யோசிச்சுப் பாரு. பாமசில வேல செய்ற நான் அந்த மெட்ஃபோமினக் கீற மறந்து, ரெண்டு பேர்ட தாளையும் ஒப்பிட்டுப் பாக்கக்குள்ள நீ ஏசி ஏசிக் கீற வெச்சாய். இனி எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசு, மூச்சு விட மாட்டேன்.

— உயிர் திரும்பி வந்தமாதிரி இருக்கு.

— அப்ப நாளைக்கு ஒண்டாவே கம்பஸ் போவம்.

— என்னை விடேக்கை அந்த லொக்கு மஹத்தயா ஒண்டு கேட்டவர். ஆக்களின்ர பேரைக் குடுத்தால், ஆர் ஆர் தமிழர் எண்டும் உந்தக் கம்பியூட்டர் பிரிச்சுச் சொல்லுமோ எண்டு.

— நீ என்ன சென்னாய்?

— ஆராவது இருந்து முதல்ல ஒவ்வொரு பேராக் குறிச்சுக் குடுக்க வேணும், லேசில ஏலாது எண்டன். சிரிச்சுக்கொண்டு தோளில தட்டினார். “அதுக்கு யோசிக்காதைங்கோ மிஸ், அதெல்லாம் நாங்கள் எப்பவோ குறிச்சு முடிச்சிட்டம்” எண்டார்.