றோட்டுக்கு அங்கால

– அதுதாங்க பிறிஜெற் அம்மா, எனக்கு வெளங்க மாட்டேங்குது. உங்க வாசல்ல போற காலி வீதிக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க மண்டபம் நெறைய வந்தாங்க. இந்தக் கடல் பக்கத்துலயிருந்து ஒருத்தர்கூட வரல. இந்த வெள்ளவத்தையில சந்து சந்தா, ஒழுங்கைக்கு ஒழுங்கை நோட்டீஸ் ஒட்டினவனே நான்தான்.

– பாத்தனான், தம்பி யோகராஜ். மூண்டு பாஷையிலயும் வடிவா அடிச்சிருந்தியள். முதல்ல இருங்கோ. பிளேன்ரீ போட்டு வைச்சனான். வீட்டில வேற ஆளில்லை, கூச்சப்படாதேங்கோ.

– பாத்தும் ஏங்கம்மா வரல? உங்க வாசல்ல இருக்கிற கடவையப் பத்தின கூட்டம்தானே? நடந்து கடக்குறவங்களுக்கு எரியிற பச்சை லைட்டோட நேரத்தக் கொறைக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி சனங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் எங்க ரோட்டு ஒஃபிஸ்ல என்னைய அனுப்பியிருக்காங்க.

– உங்கட மண்டபம் எங்க இருக்கு?

– அந்தா, பேங்குக்குப் பக்கத்துல. உங்க ஜன்னல்லயிருந்தே கூரை தெரியுதே.

– றோட்டுக்கு இங்காலயோ, அங்காலயோ?

– அந்தப் பக்கம்... அடக் கடவுளே.

– ரீயைக் குடியுங்கோ, ஆறப் போகுது.

– ரோட்டக் கடக்க முடியாதவங்களோட கருத்தக் கேக்க, ரோட்டக் கடந்து வாங்கன்னு கூப்பிட்டிருக்கோம்.

– இந்த ஃப்ளாட் முழுக்க அப்பிடித்தான். பிள்ளையள் கனடா, லண்டன். இஞ்ச மிஞ்சிக் கிடக்கிறது முழங்கால் வருத்தமும் ஊண்டுதடியும்.

– அப்ப எங்க கமராவும் இதே தப்பத்தாங்க செஞ்சிருக்கு. கடக்குறவங்க எவ்வளவு வேகமா நடக்குறாங்கன்னு கமரா வெச்சு அளந்தோம். ரோட்டு அகலத்த அந்த வேகத்தால வகுத்தா, எவ்வளவு நேரம் பச்சை எரியணும்னு வந்துரும். எல்லாரும் நேரத்துக்கு முந்தியே அந்தப் பக்கம் போயிட்டாங்க. சரி, நேரம் மிஞ்சுது, கொறைக்கலாம்னு முடிவு பண்ணுனோம். ஆனா அந்தக் கமராவுல யாரு இருப்பாங்க? கடக்குறவங்க மட்டும்தான். கடக்கப் பயந்து வீட்டுலயே இருக்கிறவங்க அதுல இருக்கவே மாட்டாங்க.

– நானும் ஒருக்கா இறங்கினனான். வேலைக்குப் போற பிள்ளை ஒண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது. சரியா நடுவில போகேக்க வாகனத்துக்குப் பச்சை விழுந்திட்டுது. பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, அந்தப் பிள்ளை பயந்து இழுக்க, நான் குப்புற. அதோட முழங்காலும் போச்சு, மனமும் விட்டுப்போச்சு.

– அப்புறம் போகவே இல்லீங்களா?

– ஏன் போக வேணும்? கடை இங்கால. மருந்து வீட்டை வரும். மாதா கோயில் பூசையை ரீவியில பாக்கிறன்.

– அந்தப் பக்கம் உங்களுக்கு யாரும் இல்லீங்களா?

– மச்சாள் இருக்கிறா. நேசம். என்ரை மனுசன்ரை தங்கச்சி. மண்டபத்துக்குப் பின்னால, பச்சைக் கம்பி போட்ட பல்கனி தெரியுதோ? அதுதான். மனுசன் போன பிறகு இந்த ஊரில எனக்கெண்டு மிஞ்சின ஒரே சனம். முந்தி ஞாயிறு பூசை முடிய இஞ்சதான் வருவா. என்ரை குழம்பில உப்பில்லை எண்டுவா. சொல்லிச் சொல்லி ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிடுவா.

– இப்ப?

– இப்ப வாறேல்லை. மனுசன்ரை ஆண்டுச் செபத்துக்குச் சுவாமியாரே வீடு தேடி வந்தவர். தமையன்ரை செபம், நேசம் வரேல்லை. காய்ச்சலாம். அவவுக்கு என்ன, என்னை விட எட்டு வயசு குறைவு, கால் ரெண்டும் நல்லம். நினைச்சா வரலாம். தமையன் போனதோட இந்த வீட்டையும் தலைமுழுகிட்டா போல.

– போன்ல பேசுவீங்களா?

– பின்னேரத்தில கதைப்பம். என்ன கறி, மீன் என்ன விலை, கரண்ட் போச்சோ. வாரும் எண்டு நான் கேக்கிறேல்லை. வாறன் எண்டு அவவும் சொல்லுறேல்லை. போனை வைச்ச பிறகு வீடு இன்னும் கூடச் சத்தமில்லாமக் கிடக்கும்.

– ஓட்டோவுல போகலாமேங்க.

– கீழ் வீட்டுப் பிள்ளை போனில பிடிச்சுத் தந்தது. ஏறுற இடமும் இறங்குற இடமும் ஒண்டாக் காட்டுது எண்டு ரைவர் எடுத்துக் கேட்டான். றோட்டுக்கு அங்கால போகவேணும் எண்டன். சிரிச்சுப்போட்டு கான்சல் பண்ணிட்டான். அதுக்குப் பிறகு கேக்க வெக்கம்.

– சரிங்கம்மா, நான் எழுதிக்கிறேன். பச்சையக் கொறைக்கக் கூடாது.

– குறைக்காமல் விட்டா எனக்குக் காணுமோ?

– போதாதுங்க.

– அப்ப கூட்டச் சொல்லி எழுதுங்கோ.

– எழுதலாம், ஆனா தள்ளிருவாங்க. ஏன்னு காட்டுறேன். இந்தச் சீனிப் போத்தல் உங்க வாசல் லைட்டு. இந்தக் கப்பு அடுத்த சந்தி லைட்டு. ரெண்டும் தன் பாட்டுக்கு எரியல. இங்க பச்சையில கெளம்புற பஸ்ஸு அங்க போய்ச் சேர்ற நேரம் பாத்து அங்கயும் பச்சை விழும். மாலை கோர்த்த மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணாப் போகும், பாக்கவே அழகா இருக்கும். இங்க நேரத்தக் கூட்டுனா அந்தக் கோர்வை அறுந்து, பஸ்ஸெல்லாம் பாலம் வரைக்கும் நிக்கும். அதுக்குள்ள தொங்கிக்கிட்டு நிக்கிறவங்களும் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற சனம்தானேங்க.

– உங்களுக்கு இந்த லைட்டுகளில நல்ல விருப்பம் போல.

– ஆமாங்கம்மா. ஹட்டன்லயிருந்து வந்த புதுசுல மருதானையில ஒரு ரூம்ல தனியா இருந்தேன். ஞாயித்துக்கிழமையில பேச ஆள் இருக்காது. சந்தியில போய் நின்னு, லைட்டு மாறுறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். எதுக்குப் பின்னால எது எரியும்னு அப்படிப் பழகுனதுதான்.

– அப்ப நீங்களும் எங்கட ஆள்தான். நேசத்திட்டயும் கேட்டுப் பாருங்கோவன். அவவும் அந்தப் பக்கத்துச் சனம்தானே. இந்தாங்கோ நம்பர். ஸ்பீக்கரில சத்தமாப் போடுங்கோ, நானும் கேக்கிறன். என்ரை வீட்டில இருந்து எடுக்கிறன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

– கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேங்கம்மா.

– கேக்க மாட்டா. எடுங்கோ.

– ஹலோ, நேசம் அம்மாங்களா? ரோட்டுக் கடவையப் பத்திக் கருத்துக் கேக்குற யோகராஜ் பேசுறேன்.

– கூட்டம் வைச்ச தம்பியோ? வந்தனான். பின்வரிசையில இருந்தனான்.

– ஒண்ணும் சொல்லலீங்களே?

– மைக்கில சொல்லுற விசயமோ அது?

– இப்ப சொல்லுங்கம்மா. நீங்க அந்தக் கடவையால கடக்குறீங்களா?

– கடக்கத்தான் வெளிக்கிடுவன். எனக்கு இருதயத்தில ஸ்டென்ட் வைச்சிருக்கு, தம்பி. பாதி றோட்டுவரை பிழையில்லை, நடப்பன். அதுக்கு மேல மூச்சு வாங்கும். ஒருக்கா நடுவில நிண்டிட்டன். முன்னாலயும் பஸ், பின்னாலயும் பஸ். பொலிஸ்காரர்தான் வந்து கூட்டிக்கொண்டு போனவர். அதுக்குப் பிறகு ஞாயிறு பூசை முடிய கடவையடியில போய் நிப்பன். பச்சை வரும், போகும். பிறகு வீட்டை வந்திடுவன்.

– சும்மா நின்னுட்டா வருவீங்க?

– எதிர்ப்பக்கம் மச்சாள் வீட்டு ஜன்னல் தெரியும். திரையை விலக்கி விட்டிருந்தா மனுசி எழும்பிட்டா எண்டு அர்த்தம். அது போதும். அவவிட்ட நான் ஒண்டும் சொல்லேல்லை.

– எத்தினை ஞாயிறு வந்து நிண்டனீர், நேசம்?

– மச்சாளோ? தம்பி, இதென்ன வேலை?

– மன்னிச்சிருங்கம்மா.

– அவரை ஏசாதேயும், நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். ஸ்டென்ட் எப்ப வைச்சது?

– அண்ணன்ரை செபத்துக்கு முதல் கிழமை.

– காய்ச்சல் எண்டீர்.

– காய்ச்சல் எண்டா நீங்கள் ஏசிப்போட்டு இருந்திடுவியள். உள்ளதைச் சொல்லியிருந்தா தடியையும் கொண்டு றோட்டில இறங்கியிருப்பியள்.

– இறங்கித்தான் இருப்பன். நான் இஞ்ச இருந்து, நீர் என்னை விட்டிட்டீர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

– விட்டிட்டு நான் ஆரிட்டப் போறது, மச்சாள்?

– அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நேசம் அம்மா, பாதி ரோட்டு நடக்க முடியும்னு சொன்னீங்க. பிறிஜெற் அம்மா, நீங்களும் நடுவுல வெச்சுத்தானே விழுந்தீங்க?

– ஓம். அதுவரை நல்லாத்தான் போனனான்.

– அப்ப பச்சையக் கூட்டவே வேண்டாம். இருக்கிறதக் கொறைக்காம விட்டாப் போதும். ரோட்டுக்கு நடுவுல கொஞ்சம் ஒசத்தி ஒரு திட்டு கட்டணும். பஸ்ஸு வர்ற பக்கத்துக்குக் கம்பி போட்டு, அங்கயும் ஒரு பட்டன் வைக்கணும். ஒரு பச்சைக்குப் பாதி ரோட்டு. திட்டுல நின்னு மூச்சு விட்டுட்டு, அடுத்த பச்சைக்கு மீதிப் பாதி. பஸ்ஸுக்கு நேரம் போகாது, கோர்வையும் அறுந்து போகாது. தள்ளுறதுக்கு அவங்ககிட்டக் காரணமே இருக்காது.

– ரெண்டு பக்கமும் பஸ் ஓட, நான் அந்தத் திட்டில தனிய நிக்க மாட்டன், தம்பி. என்ரை இருதயம் தாங்காது.

– ஆர் உம்மைத் தனிய நிக்கச் சொன்னது? தம்பி, திட்டை ரெண்டு பேர் நிக்கிற அகலத்தில போடச் சொல்லி எழுதுங்கோ. அவ அங்கால இருந்து பாதி வருவா, நான் இங்கால இருந்து பாதி வருவன்.